ரெசிடெண்ட் துரைக்கு வைத்த பன்னீர்ச்செம்பு

மலாக்காவை ஒட்டிய பாச்சாங்கில் இருந்த தம்புசாமியின் வீட்டுக் கதவை அன்று காலை அந்தப் பெண் தட்டினாள் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. இடித்தாள் என்பதுதான் நிஜம். உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்த சேகரன் பாதிக் காப்பியைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டு எழுந்து ஓடினான். தம்புசாமி எழவில்லை. போலீஸ் துப்பறியும் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்ற அந்த மனிதரைப் பொறுத்தவரை, பதற்றம் என்பது அடுத்தவர்கள் படவேண்டிய ஒன்று. சேகரன் வாடகை மோட்டார் ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அவர் வீட்டில்தான் கிடை. துப்பறிவதில் அவரைவிட அவனுக்கு ஆசை அதிகம், பொறுமைதான் துளியும் கிடையாது.

வந்தவள் பெயர் முனியாயி. லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் கல்லாறு ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள்.

"ஐயா, எம் புருசன திருடன்னு சொல்லிப் பூட்டி வச்சிட்டாங்கய்யா. இன்னிக்கு மத்தியானம் ரெசிடெண்ட் துரை தோட்டத்துக்கு வர்றாரு. அதுக்குள்ள எப்படியாச்சும் அவர வெளிய கொண்டாரணும்யா."

"உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி. என்ன திருட்டுப் போச்சு?"

"பன்னீர்ச்செம்புங்க. வெள்ளிச் செம்பு. துரைக்குப் பன்னீர் தெளிக்கணும்னு மலாக்கா டவுன்ல ஒரு கடைக்காரர் வீட்டுல இரவல் வாங்கிட்டு வந்தாங்க. பள்ளிக்கூடக் கொட்டாயில, மேச மேல பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. நேத்து அங்க எம் புருசன் மாயாண்டி வெள்ளையடிச்சிட்டிருந்தாரு. சாயங்காலம் பெட்டியத் தொறந்தா செம்பு இல்ல. தனியா இருந்தவன் நீதானேன்னு பிடிச்சுக்கிட்டாங்க. எங்க லயத்து வீடுங்க பூரா தேடினாங்க. ஒண்ணும் கெடைக்கல."

"செம்பு கிடைக்காமல் எப்படித் திருடன் என்கிறார்கள்?" என்று சேகரன் துள்ளினான்.

"அதெல்லாம் யாரு கேக்கறா? அடுத்த கப்பல்ல எங்கள ஊருக்கு ஏத்திருவேன்னு தோட்டத்துப் பெரிய துரை சொல்லிட்டாரு." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அத விடுங்க. இன்னிக்கு ரெசிடெண்ட் துரை முன்னால நின்னு பேசறதுக்கு எங்க சனமெல்லாம் சேந்து எம் புருசனத்தான் நிறுத்தியிருக்கு. ஆலையில ரப்பர் ஷீட்டு கழுவுற தண்ணி, மாட்டுக் கொட்டாய்த் தண்ணி, எல்லாம் மேல ஆத்துல விழுது. கீழ நாங்க அதையேதான் மொண்டு குடிக்கிறோம். போன மழைக்கு எம் பையன் வயித்தால போயே செத்தான். இன்னொன்னு இருக்குங்க, பொட்டப்புள்ள. அதுவும் அதே தண்ணியத்தான் குடிக்குது. இன்னிக்கு விட்டா அந்தத் துரை மறுபடி எப்ப வருவாரு?"

தம்புசாமி தம் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தார். "சேகரா, சட்டையை மாற்றிக்கொள். வண்டியை எடு."

மோட்டார் மலாக்காவைத் தாண்டி வடக்கே ஓடியது. வானம் மூடிக்கொண்டு, மழை இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று மிரட்டியது. சேகரனால் சும்மா ஓட்ட முடியவில்லை. பின் இருக்கையில் முனியாயி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தாள், அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கையும் காலும் பரபரத்தன.

"அண்ணே, இந்த ரெசிடெண்ட் துரைன்னா யாருண்ணே? கவர்னருக்கு மேலயா கீழயா?"

"கீழே. கவர்னர் சிங்கப்பூரில் இருக்கிறார். மலாக்காவில் அவருக்குப் பதிலாக இருக்கிறவர் இவர். ரெசிடெண்ட் கவுன்சிலர் என்பது முழுப் பெயர். ஆற்றோரம் டச்சுக்காரன் கட்டிய சிவப்புக் கட்டடம் இருக்கிறதே, அங்கேதான் ஆபீஸ். டச்சுக்காரன் காலத்தில் அங்கேயே ஒரு கவர்னர் இருந்தானாம். அப்புறம் இங்கிலீஷ்காரன் வந்தான், சிங்கப்பூர் பெரிசாகிவிட்டது, மலாக்கா இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச காலம் லெப்டினன்ட் கவர்னர் என்றார்கள், அப்புறம் ரெசிடெண்ட் கவுன்சிலர் என்றார்கள். பெயர் மாறியதே தவிர வேலை மாறவில்லை."

"என்ன வேலைலா அது?"

"நான் அந்த ஆபீஸ் வாசலில் பாராப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பெரியவருக்கு அடுத்த ஆள் என்றால் அவனுக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. பெரியவர் காதுதான் அவன் அதிகாரம். நல்லவனாக இருந்தால் கேட்டதைக் கேட்டபடி கொண்டுபோய்ச் சொல்வான். இல்லாவிட்டால் நடுவிலேயே முழுங்கிவிட்டு, எல்லாரும் சௌக்கியம் என்பான். இவர் கேட்டுக்கொள்கிறவர் என்று பேர். அதனால்தான் இந்தம்மா இத்தனை பாடுபடுகிறாள்."

முனியாயி அதைக் கேட்டாளோ இல்லையோ, "கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே" என்றாள்.

கல்லாறு தோட்டம் கல்யாண வீடு மாதிரி அமளிப்பட்டுக்கொண்டிருந்தது. பந்தல், தோரணம், காகிதக் கொடிகள். ரப்பர் விலை தலைகுப்புற விழுந்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்த முப்பத்தொன்றாம் வருஷத்திலும் துரை வருகிறார் என்றால் காகிதக் கொடிக்குக் குறைச்சலில்லை. அது போதாதென்று மாரியம்மன் திருவிழா வேறு. காப்புக் கட்டி ஒரு வாரமாகிவிட்டது. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, அதில் மஞ்சள் துண்டும் முடிந்திருந்தார்கள். பால் பட்டும் வியர்வை பட்டும் கயிறுகள் கறுத்துப் போயிருந்தன.

பள்ளிக்கூடக் கொட்டகை முன்னால் சேகரன் வண்டியை நிறுத்தினான். "அண்ணே, இதப் பாருங்க. முன்சுவர் பளபளன்னு இருக்கு. பக்கச்சுவர் பாதிதான் வெள்ளை. மீதி பாசி பிடிச்சுக் கிடக்கு. துரை வர்ற நாள்ல இப்படியா விடுவாங்க?"

யாரோ அந்தப் பாதிச் சுவரைத் தென்னங்கீற்றால் மறைக்கப் பார்த்திருந்தார்கள். கீற்று போதவில்லை. கொட்டகையின் ஓரத்தில் சுண்ணாம்புப் பீப்பாய் பாதிக்குமேல் நிறைந்தபடி நின்றது. வெள்ளையடிக்கிற மட்டை ஒன்று அதன்மேல் குறுக்கே கிடந்தது.

பந்தலடியில் வேலாயி என்ற பெண் துரைக்கு ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தில் மஞ்சள் நீர். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டுக் கலக்கினாள். மஞ்சள் நீர் கண்ணெதிரே ரத்தச் சிவப்பானது. தம்புசாமி அதை நின்று பார்த்தார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாரே என்று சேகரனுக்கு எரிச்சல் வந்தது.

தோட்டத்துக் கிராணி ரங்கசாமி கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு ஓடி வந்தார். கணக்கு வழக்கு அவர் பொறுப்பு. இன்று துரைக்கும் தொழிலாளிகளுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பும் அவர்தான்.

"தம்புசாமி அண்ணனா! நல்ல வேளை. பெரிய துரைகிட்ட இப்பத்தான் பேசிட்டு வர்றேன். ரெசிடெண்ட் துரை வண்டி வர்றதுக்குள்ள செம்பு மேசைக்கு வந்தாகணும், எடுத்தவன் யாருன்னும் தெரிஞ்சாகணும். அப்படித் தெரிஞ்சா மாயாண்டிய விட்டுரலாம்னார். இல்லன்னா எனக்குத்தான் மானக்கேடு. இரவல் வாங்கினது நான்."

"நேற்று அந்தக் கொட்டகைக்குள் யார் யார் போனார்கள்?"

"மாயாண்டி சுண்ணாம்பு கரைக்கத் தண்ணி எடுக்க ஆத்துக்குப் போன நேரத்துல நான் போனேன், ராஜா படம் மாட்டறதுக்கு. மருந்து போடற டிரசர் நல்லமுத்து பினாயில் தெளிக்கப் போனார். கங்காணி சிவசாமி மேற்பார்வைக்குப் போனார். வேற யாருமில்ல."

"தேடியது யார்?"

"கங்காணியார்தான் முன்ன நின்னு தேடினார். பெட்டி, பெஞ்சு, கூரை, லயம், ஒரு இடம் விடல."

"அந்தச் சுவர் ஏன் பாதியில் நிற்கிறது?"

கிராணி முகம் சுளித்தார். "அதையேன் கேக்கறீங்க. மாயாண்டியப் பூட்டினதும் காப்புக் கட்டாத ரெண்டு பேர அனுப்பினேன், மீதிச் சுவர அடிச்சுப் பீப்பாயக் காலி பண்ணிக் கழுவி வைங்கடான்னு. கங்காணியார் திருப்பி அனுப்பிட்டார், கீத்தக் கட்டி மறைச்சுக்கலாம்னு. தண்ணி விஷயம் பேசப்போறாங்கன்னு கேள்விப்பட்டதுலேருந்தே மனுசன் ஒரு நிலையில இல்ல. பெரிய துரையும் கோவமா இருக்கார். 'தண்ணியப் பத்தி இதுவரைக்கும் எவனும் குறை சொன்னதே இல்லையே'ங்கறார்."

மாயாண்டியைத் தட்டுமுட்டுச் சாமான் கொட்டடியில் பூட்டியிருந்தார்கள். முழங்கைவரை சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது.

"உன் கையில் காப்பு இல்லையே?"

"புள்ள செத்த வருசங்க. எங்க வீட்டுக்கு இந்த வருசம் காப்பு கிடையாது. அதனாலதான் வெள்ளையடிக்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. எங்க தோட்டத்துல ஒரு கட்டு உண்டுங்க: காப்புக் கட்டினவன் சுண்ணாம்பத் தொடக் கூடாது. காப்பு செவந்துரும். செவந்தா அவன் தீ மிதிக்க முடியாது, அம்மனுக்கு முன்னால நிக்கவும் முடியாது."

"தண்ணீர் விஷயத்தை முன்னால் யாரிடமாவது சொன்னாயா?"

"கங்காணியார்கிட்ட எத்தனையோ தடவ சொன்னேன். 'பெரிய துரை காதுல போட்டுட்டேன், யோசிக்கிறாரு'ன்னாரு. எம் பையன் படுத்த படுக்கையா இருந்தப்பக்கூட அதையேதான் சொன்னாரு. ஐயா, எம்மேல திருட்டுப் பட்டம் கட்டினாக்கூடப் பரவாயில்ல. என்னை ஒரு நிமிசம் அந்தத் துரைகிட்டப் பேச விடச் சொல்லுங்கய்யா."

வெளியே வந்ததும் சேகரன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். "அண்ணே! நான் கண்டுபிடிச்சிட்டேன். செம்பு அந்தப் பீப்பாய்க்குள்ள இருக்கு. எல்லா இடமும் தேடினாங்க, அத மட்டும் தேடல. தேடினவங்க எல்லாரும் காப்புக்காரங்க!"

"பரவாயில்லையே. மேலே சொல்."

"காப்போட கைய விட்டிருந்தா செவந்திருக்கும். சரிதானே? அங்க பாருங்க, டிரசர் நல்லமுத்து. கயிறு முழுக்கச் செவப்பு! அவர்தாண்ணே!"

மருந்துக் கொட்டகை வாசலில் நின்ற நல்லமுத்து ஒல்லியான மனிதர். ஒரு குழந்தையின் காதைக் கழுவிவிட்டுச் சவுக்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். காப்பு உண்மையிலேயே செங்கல் நிறத்தில் இருந்தது. தம்புசாமி அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சேகரா, மஞ்சள் பூசிக் குளிக்கிற எந்தப் பெண்ணையும் கேள், மஞ்சள் துணியில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்று. இவர் நாள் முழுக்கச் சவுக்காரத்தில் கை வைக்கிற மனிதர். காப்புக் கட்டிய மறுநாளே சிவந்திருக்கும்."

"மறுநாளா? அன்னிக்கே செவந்துச்சு" என்று நல்லமுத்து அலுத்துக்கொண்டார். "பூசாரி ஒரு வாரமா என்னைப் போட்டு ஏசறார், ஊரே சிரிக்குது. நான் என்ன பண்ண, கை கழுவாம புண்ணத் தொடவா? தீ மிதிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. காலாவது தப்பிச்சுது."

சேகரனுக்கு முகம் தொங்கிப்போனது. அவ்வளவு அழகாகப் பிடித்த திருடன் இப்படிச் சவுக்கார நுரையாய்ப் போய்விட்டானே!

"வருத்தப்படாதே. பாதி தூரம் சரியாகத்தான் வந்தாய். எல்லாரையும் கொட்டகைக்குக் கூப்பிடு. பூசாரியையும்."

கூட்டம் கூடியது. மழை இரண்டு துளி போட்டுப் பார்த்துவிட்டு நின்றது. எல்லார் கண்ணும் அடிக்கடி சாலைப் பக்கமே போய் வந்தது. கங்காணி சிவசாமி கடைசியாக வந்தார். பார்க்கத் தாட்டியான ஆள். தலைப்பாகை, வெள்ளைக் கோட்டு, நெற்றியில் சந்தனம், கையில் பளிச்சென்று மஞ்சள் மாறாத காப்பு. திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் நடக்கிறவர் அவர்தான். கும்பிடும்போது அந்தக் கை நன்றாகத் தெரிந்தது.

"துரை வர்ற நேரத்துல என்னங்க விசாரணை? அப்புறம் வச்சுக்கக் கூடாதா?" என்றார் அவர்.

"அப்புறம் வைத்துக்கொண்டால் உங்களுக்குத்தான் வசதி, கங்காணியாரே" என்றார் தம்புசாமி. பிறகு முனியாயியைப் பார்த்தார். "அம்மா, உன் கையிலும் காப்பு இல்லை. அந்தப் பீப்பாய்க்குள் கையை விட்டுப் பார்."

முனியாயி நகரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, இதுக்குள்ள இருந்தா பழி எம் புருசன் மேலதானே விழும்? பீப்பாய் அவரோடது. நானே எடுத்துக் குடுத்து நானே அவர மாட்டி விடவா?"

"என்னை நம்பித்தானே வந்தாய்?"

அவள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே தோள்வரை கையை விட்டாள். அடியில் துழாவினாள். அவள் முகம் மாறியது. கையை இழுத்தபோது, நீண்ட கழுத்தும் பருத்த வயிறுமாக, வெள்ளை சொட்டச் சொட்டப் பன்னீர்ச்செம்பு வெளியே வந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" கங்காணி கத்தினார். "அவன் பீப்பாய்லயே இருக்கு! நான் நேத்தே சொன்னேன்!"

கூட்டம் ஐயோ என்றது. முனியாயி செம்பைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தம்புசாமி குரலை உயர்த்தவே இல்லை. "மாயாண்டி பீப்பாயில் போட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சுண்ணாம்பு நேற்றுச் சாயங்காலமே சுவருக்குத் தீர்ந்திருக்க வேண்டியது. தீர்ந்தால் செம்பு எல்லார் கண்ணிலும் படும். அடிக்கிறவனே அவன்தான், தீரப்போகிற பீப்பாயில் ஒளித்துவைக்க அவனுக்கு என்ன பைத்தியமா? ஒளித்தவனுக்கு வேண்டியது, சுண்ணாம்பு தீராமல் இருப்பது. சுவர் பாதியில் நிற்கவேண்டும். சுவரை நிறுத்தியது யார்? கிராணி அனுப்பிய ஆட்களைத் திருப்பி அனுப்பியது யார்?"

"இருட்டிப்போச்சுன்னு அனுப்பினேன். அது ஒரு குத்தமா?"

"குற்றமில்லை. தேடும்போது பீப்பாயை மட்டும் விட்டதும் குற்றமில்லை. காப்புக்காரர் சுண்ணாம்பைத் தொட மாட்டார். துரை போனபிறகு நீங்களே ஆள் விட்டு இதை எடுத்து, 'அவன் பீப்பாயில் இருந்தது' என்று பெரிய துரையிடம் காட்டியிருப்பீர்கள். ஆனால் செம்பை உள்ளே அமுக்கும்போது அவசரத்தில் கை மணிக்கட்டுக்குமேல் போய்விட்டது. வேலாயி ஆரத்தி கரைத்தாளே, அதே கதைதான் உங்கள் காப்புக்கும். சிவந்துவிட்டது."

கங்காணி சிரித்தார். வலது கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "எங்க செவந்திருக்கு? நல்லாக் கண்ணத் தொறந்து பாருங்கையா. மஞ்சளா இல்ல?"

"அதுதானே சங்கடம்" என்றார் தம்புசாமி. "ஒரு வாரக் காப்பு. இங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் கையைத் தூக்குங்கள். பால் வெட்டுகிறவன் காப்பு கறுத்திருக்கிறது. கிராணி காப்பில் மை. டிரசர் காப்பு சவுக்காரத்தில் சிவந்திருக்கிறது. உங்களது மட்டும் இன்று காலையில் கட்டிய மாதிரி இருக்கிறது."

"நான் சுத்தமா இருக்கற ஆளு. மரம் வெட்டறதில்ல, பாலத் தொடறதில்ல."

"இருக்கலாம். பூசாரி, நீங்கள் கட்டிய காப்பில் என்ன மஞ்சள் முடிந்தீர்கள்?"

"விரலி மஞ்சள்தான்" என்றார் பூசாரி. "மலாக்கா கடையில வாங்கினது. காஞ்ச மஞ்சள், கல்லு மாதிரி இருக்கும். எல்லாருக்கும் ஒரே பொட்டலம்."

"கங்காணியார் கையில் இருப்பதை நகத்தால் கீறிப் பாருங்கள்."

கங்காணி கையை இழுத்துக்கொண்டார். அந்த ஒரு அசைவே போதுமாயிருந்தது. ஆனால் பூசாரி விடவில்லை. அம்மன் காரியத்தில் அவர் யாருக்கும் பயப்படாத ஆள். கையைப் பிடித்து நகத்தை அழுத்தினார். நகம் உள்ளே இறங்கியது. ஈரம் கசிந்தது.

"பச்ச மஞ்சள்!" பூசாரியின் குரல் உடைந்தது. "கொல்லையில பிடுங்கின பச்ச மஞ்சள். இது நான் கட்டினதில்ல. அடப்பாவி, நான் கட்டின காப்ப அறுத்துட்டியா? திருவிழா நடுவுலயா?"

கூட்டத்தில் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். செம்பு திருடியதைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. காப்பு அறுந்துவிட்டது என்று சொல்லிச் சும்மா இருந்திருந்தால் யாரும் அவரைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் காப்பில்லாமல் கரகத்துக்கு முன்னால் எப்படி நடப்பது? அந்த முதல் மரியாதையை விட மனசு வராமல்தான், வீட்டுக் கொல்லையில் கையில் கிடைத்த மஞ்சளை முடிந்து கட்டிக்கொண்டார் மனிதர்.

கங்காணி பெஞ்சில் உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"திருடணும்னு எடுக்கலைங்க. அவன் வாயத் தொறக்கக் கூடாது, அவ்வளவுதான். எத்தனையோ வருசமா பெரிய துரை காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்கு வந்ததும் 'எல்லாம் சரியா இருக்கா கங்காணி'ம்பாரு. 'சரியா இருக்குங்க'ம்பேன். அதக் கேட்டா அவருக்குச் சந்தோசம். தண்ணி சரியில்லன்னு போய்ச் சொன்னா மூஞ்சி சுளிப்பாரு. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு இருந்துட்டேன். இன்னிக்கு இவன் ரெசிடெண்ட் துரைகிட்டச் சொன்னா, ஏன்டா எங்கிட்டச் சொல்லலன்னு பெரிய துரை என்னத்தானே கேப்பாரு?"

சுண்ணாம்பு அப்பிய கையோடு முனியாயி எழுந்து வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் சேகரன் நினைத்தான். அவள் அடிக்கவில்லை.

"எம் புள்ளைக்குக் குழி வெட்ட ஆளு அனுப்பினது நீங்கதானே, கங்காணியாரே. அப்பவும் சொல்லத் தோணலியா?"

அவர் மடியிலிருந்த தலைப்பாகையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதே நேரம் சாலையில் மோட்டார் ஹாரன் கேட்டது. கிராணி செம்பைத் தூக்கிக்கொண்டு கழுவ ஓடினார், யாரோ கொட்டடிச் சாவியோடு ஓடினார்கள், மேளக்காரர்கள் ஆளுக்கொரு தாளத்தில் அடிக்க ஆரம்பித்தார்கள். கங்காணி பந்தலுக்குப் பின்பக்கமாகத் தனியாக நடந்து போனார். அவரை அப்போது யாரும் தடுக்கவில்லை.

ரெசிடெண்ட் துரை உயரமான, வெயிலில் வெந்த மனிதர். ஆரத்தி எடுத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள், மாலை போட்டார்கள். பெரிய துரை அவருக்குப் பக்கத்து நாற்காலியில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். கிராணி அவர் காதில் குனிந்து ஏதோ சொன்னதும் அந்தப் புன்னகை கொஞ்சம் சுருங்கியது.

பிறகு மாயாண்டியை முன்னால் தள்ளினார்கள். நேற்றுவரை மனப்பாடமாக இருந்த பேச்சு. வாயைத் திறந்தான். ஒரு சொல் வரவில்லை. ராத்திரி முழுக்கத் திருடனாக உட்கார்ந்திருந்தவன் தொண்டையில் அது எங்கேயோ கரைந்து போய்விட்டது. கண்ணில் நீர் கொட்டியது. "சொல்லுடா, சொல்லுடா" என்று கூட்டம் முணுமுணுத்தது. பெரிய துரை கடிகாரத்தைப் பார்த்தார். சேகரன் தம்புசாமியின் முழங்கையைக் கிள்ளியே விட்டான்.

"அண்ணே, போச்சுண்ணே. எல்லாம் போச்சு. நீங்களாச்சும் எழுந்து சொல்லுங்கண்ணே!"

தம்புசாமிக்கும் அன்று முதல் தடவையாக உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டார். ஆனால் அவர் ஓரடி வைப்பதற்குள் கூட்டம் பின்னாலிருந்து விலகியது.

முனியாயி ஆற்றங்கரையிலிருந்து ஓடி வந்திருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் ஒரு பித்தளை டம்ளர். நேராகப் போய் அதை ரெசிடெண்ட் துரையின் முன்னால், பன்னீர்ச்செம்புக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். தண்ணீர் கலங்கலாக இருந்தது. மேலே பாலாடை மாதிரி ஒன்று மிதந்தது. வாடை பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரிந்தது.

"குடிங்க துரை" என்றாள்.

கிராணி மொழிபெயர்க்க வாயெடுத்தார். ரெசிடெண்ட் துரை கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, யார் இதைக் குடிக்கிறார்கள் என்று மலாயில் அவளையே கேட்டார். பாசாரில் காய்கறிக்குப் பேரம் பேசிப் பழகிய மலாய் அவளுக்கும் தெரியும்.

"செமுவா மினும், துவான்" என்று லயத்தின் பக்கம் கை நீட்டினாள். எல்லாரும் இதைத்தான் குடிக்கிறோம். அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டாள். "சாயா பூஞா அனாக் சூடா மாத்தி." என் பிள்ளை செத்துப்போனான்.

ரெசிடெண்ட் துரை டம்ளரை எடுத்தார். உள்ளே வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை அப்படியே பக்கத்தில் இருந்த பெரிய துரையிடம் நீட்டினார்.

பெரிய துரை அதை வாங்கிக்கொள்ளவில்லை. நீட்டிய கையும் இறங்கவில்லை. கடைசியில் வாங்கத்தான் வேண்டியிருந்தது. வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ரெசிடெண்ட் துரை கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார், தொப்பியை எடுத்தார், ஆறு எந்தப் பக்கம் என்று முனியாயியைக் கேட்டார். அவள் முன்னால் நடந்தாள்.